ஆறிய காயத்துக்கும் கட்டணமா?

நீரிழிவு, இருதய நோய் உள்ளவர்களிடம் ஆயுட் காப்புறுதிக்குக் கூடுதல் கட்டுப்பணம் அறவிடுகிறார்கள். ஆயுளைக் கணித்துச் செய்வது அது. ஆறிய காயத்துக்கு என்ன கணக்கு?

ஷெல்லடியில் காலை இழந்த அக்கா ஒருவர் தையலில் உழைக்கிறார். பிள்ளைகளுக்காகக் காப்புறுதி எடுக்கப் போனவருக்குத் துணையாகப் போனேன். செயற்கைக் காலைக் கண்டதுமே மேலதிகக் கட்டணம் என்றார்கள். பரிசோதனை எதுவுமில்லை. அக்காவுக்குப் பிரஷரும் இல்லை, சீனி வருத்தமும் இல்லை!

அங்கவீனருக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தில் பாரபட்சத்தைத் தடுக்கும் பிரிவு வேலை, கல்வி, பொது இடங்களைப் பற்றியே பேசுகிறது. காப்புறுதி அதில் இல்லை. அது பெரிய குறை.

சகோதரிகளே, படிவத்தில் காயத்தை மறைக்காதீர்கள். பின்னர் பிள்ளைகளுக்குப் பணம் மறுக்கப்படலாம். வைத்தியரின் கடிதத்தை இணையுங்கள். கூட்டிய காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வேறு நிறுவனத்திலும் விசாரியுங்கள், எல்லோரும் ஒரே தொகை கேட்பதில்லை.