சாவி யாரிடம் இருக்கிறது?

என் அக்காவின் பேத்தி கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முடித்துவிட்டு, கோடை விடுமுறைக்கு ஒரு தொண்டு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் சேர்ந்திருக்கிறாள். ஸ்ரீரங்கத்தில் என் வீட்டில் தங்கிக்கொண்டு, தினமும் டோல்கேட் போய் அங்கிருந்து துறையூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு பஸ் ஏற வேண்டும். பிள்ளைகளுக்குப் பாடம், இளைஞர்களுக்கு வழிகாட்டல், ஊர் மக்களோடு சந்திப்பு என்று ஆறு வாரத் திட்டத்தை அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். “பாட்டி, நீங்க முப்பது வருஷம் கிராமத்துப் பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்தவங்க. நான் என்ன தெரிஞ்சு வச்சுக்கணும்?” என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதை, அவளைப் போல இந்த மே மாதம் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும் எல்லாப் பிள்ளைகளுக்குமாக எழுதுகிறேன்.

அம்மாடி, முதலில் ஒன்றை மனத்தில் வாங்கிக்கொள். ஆறு வாரத்தில் நீ வந்துவிடுவாய். அந்த ஊர் அங்கேயேதான் இருக்கும். ஆகவே எந்த வேலையைத் தொட்டாலும், ‘நான் போன பிறகு இதை யார் பார்த்துக்கொள்வார்கள்?’ என்று கேட்டுக்கொள். ஆள் இருந்தால் அவரை முன்னால் விட்டு நீ பின்னால் நில். ஆள் இல்லையென்றால் தேடிப் பிடிப்பதுதான் உன் முதல் வேலை. மற்றபடி நான் சொல்லப்போவதெல்லாம் இதற்குள் அடக்கம்.

திருச்சிக் கல்லூரிகளுக்குக் கிராமத் தொண்டு புதிதில்லை. காந்தி நூற்றாண்டையொட்டி 1969இல் நாட்டு நலப்பணித் திட்டம் வந்ததிலிருந்து மாணவர்கள் முகாம் போய் வருகிறார்கள். தூய வளனார் கல்லூரியில் ஊரகப் பணிக்கென்றே ‘ஷெப்பர்டு’ என்று ஒரு துறை இருக்கிறது. நான் வேலை பார்த்த ஊர்களிலும் முகாம் நடக்கும். கோயில் வாசலைச் சுத்தம் செய்வார்கள், சீமைக் கருவேலத்தை வெட்டுவார்கள், மரக்கன்று நடுவார்கள். கடைசி நாள் நிறைவு விழா, பொன்னாடை, போட்டோ. மறு வருஷம் பார்த்தால் ஏதாவது ஒரு வீட்டு வாசலுக்கு எதிரே நட்ட கன்று மட்டும் தழைத்து நிற்கும். பாத்திரம் கழுவிய தண்ணீரை அந்த வீட்டு அம்மா அதற்கு ஊற்றியிருப்பார். பள்ளிக்கூட வேலியோரம் வரிசையாக நட்டதெல்லாம் விடுமுறையில் காய்ந்துபோயிருக்கும். குழி தோண்டும்போதே அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசியிருந்தால் இன்னும் நாலு கன்று பிழைத்திருக்கும்.

இதையே பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் புதுக்கோட்டையைப் பார். திருச்சியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும், அவ்வளவுதான். 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்தந்த ஊரில் படித்த பிள்ளைகளே சாயங்காலத்தில் பாடம் சொன்னார்கள், சம்பளம் கிடையாது. கூடவே பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். கல் உடைக்கிறவர்கள், வயல் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள், கிராம நர்ஸுகள் என்று ஆயிரக்கணக்கில் ஓட்டக் கற்றார்கள். நான் அப்போது கீரனூர்ப் பக்கம் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பொழுது சாய்ந்ததும் நெல் அடிக்கும் களத்துக்கு ஒரு வாடகை சைக்கிள் வரும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒருத்தி ஏறுவாள். இரண்டு பேர் கேரியரைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே ஓட்டினார்கள். முன்னால் இருக்கும் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. பத்திரிகையாளர் பி. சாய்நாத் நேரில் வந்து பார்த்து இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

வகுப்புகள் நின்று சில வருஷங்களில், நான் அறிந்த பெண்கள் சிலருக்கு எழுத்து மறந்துவிட்டது. சைக்கிளை ஒருத்தியும் மறக்கவில்லை. தண்ணீர் எடுக்க, பிள்ளையைப் பள்ளியில் விட, காய்கறி கொண்டுபோய் விற்க அது தினமும் வேண்டியிருந்தது; யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. எழுத்து தங்கியது யாரிடம் என்று பார்த்தால், மகளிர் குழுவில் கணக்கு நோட்டு எழுதும் பொறுப்பு யாருக்குக் கிடைத்ததோ அவர்களிடம். கற்றதற்கு மறுநாளே ஒரு வேலை இருந்தால்தான் அது நிற்கும். நீ எதைக் கற்றுக்கொடுத்தாலும் அதற்கு அந்த ஊரில் என்ன வேலை இருக்கிறது என்று பார்த்துக் கொடு.

இனி வகுப்பு விஷயம். கோடையில் பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும் என்பதால் பிள்ளைகள் சும்மா இருப்பார்கள் என்று நினைக்காதே. அம்மா நூறு நாள் வேலைக்குப் போய்விட்டால், ஆறாவது படிக்கிற பெண் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் வெளியே வர முடியும். ‘சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வராதே’ என்று சொன்னால் அவளே வரமாட்டாள். ஓரமாக ஒரு பாயை விரித்து நாலு கொட்டாங்குச்சியைப் போட்டு வை. தம்பி பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருப்பான். கத்திரி வெயிலில் பத்து மணிக்கு மேல் வகுப்பு வேண்டாம்.

யாருக்கு எவ்வளவு வாசிக்க வருகிறது என்று தெரிந்துகொள்ள வினாத்தாளை நீட்டாதே. சித்திரை, வைகாசியில் மாரியம்மன் திருவிழா நோட்டீஸ் எல்லா டீக்கடையிலும் கிடக்கும். அதில் ஒன்றை எடுத்து வந்து நடுவில் வை. எந்த நாள் யார் மண்டகப்படி, கரகாட்டம் எப்போது, நன்கொடை கொடுத்தவர்கள் யார் யார் என்று விழுந்து விழுந்து தேடுவார்கள். தாத்தா பெயரை எழுத்துக் கூட்டி வாசிப்பவன் யார், பக்கத்தில் இருப்பவனின் வாயைப் பார்த்துச் சொல்பவன் யார் என்று ஐந்து நிமிஷத்தில் உனக்குத் தெரிந்துவிடும். இன்னொன்றும் தெரியும். சில பிள்ளைகள் தேடாமல் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் தெரு அந்த நோட்டீஸில் இருக்காது.

அதை நீ பார்த்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். ஆனால் வகுப்பை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும்போது நினைவில் வை. கோயில் மண்டபம் நிழலாகத்தான் இருக்கும். எல்லாப் பிள்ளைகளும் அங்கே கால் வைக்க முடியுமா என்று விசாரி. ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் இன்னொரு தெரு வராது. பள்ளிக்கூட வராந்தா, அங்கன்வாடி, நூலகம் ஆகியவை எல்லோருக்கும் பொது. தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்டு வாங்கு. தண்ணீர் குடிக்கப் பொதுவாக ஒரு குடமும் டம்ளரும் வைத்து, நீயும் அதிலேயே குடி.

உனக்குத் துணை யார் என்று கேட்பாய். கொரோனாவுக்குப் பின் 2021 அக்டோபரில் அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. முதலில் சோதனை செய்து பார்த்த மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு அந்தந்த ஊர்க்காரர்கள், பெரும்பாலும் பெண்கள், சாயங்காலம் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் சொன்னார்கள். நீ போகும் ஊரிலும் அப்படி ஒருத்தி இருக்கக்கூடும். எந்த வீட்டில் அப்பா குடிப்பார், எந்தப் பிள்ளைக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ‘அக்கா’ என்று கூப்பிட்டு, அவள் சொல்கிறபடி கேள். நீ கொண்டுபோகும் விளையாட்டு, பாட்டு, படம் எல்லாவற்றையும் முதலில் அவளுக்குச் சொல்லிக்கொடு; அவள் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும்.

மே மாதத்தில் உன்னைவிட அந்த ஊருக்கு உதவக்கூடியவர் வேறு யாரும் இல்லை என்று சொல்லும்படி ஒரு காரியம் உண்டு. பிளஸ் டூ ரிசல்ட் வந்திருக்கும். முசிறி அறிஞர் அண்ணா கல்லூரிக்கோ காஜாமலை பெரியார் கல்லூரிக்கோ ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். கடைசித் தேதி ஓடி வரும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றுக்கும் இ-சேவை மையத்துக்கு அலைந்தால் அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போகும். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண் கல்லூரிக்குப் போனால் 2022இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன். பொறியியல், மருத்துவத்தில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. இதையெல்லாம் உட்கார வைத்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லாமல்தான் எத்தனையோ பிள்ளைகள் மில் வேலைக்கு வேன் ஏறுகிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் நீயே இந்த விண்ணப்பத்தை நிரப்பியவள். பத்துப் பேருக்கு நிரப்பிக் கொடு. அப்போது பிளஸ் ஒன் படிக்கிற ஒருத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். அடுத்த மே மாதம் நீ வேண்டாம், அவள் போதும். தவறியவர்களையும் தேடிப் போ. துணைத் தேர்வு இருக்கிறது என்று சொல்லி, விண்ணப்பிக்கும் வரை கூட நில்.

நூலகத்துக்கு வருகிறேன். 2006இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு ஒரு நூலகம் கட்டினார்கள். பல ஊரில் அது பூட்டிக் கிடக்கிறது. ஊருக்குப் புதுப் புத்தகம் வேண்டும் என்று வசூலில் இறங்காதே. சாவி யாரிடம் இருக்கிறது என்று கேள். ஊராட்சிச் செயலரிடமோ டேங்க் ஆபரேட்டரிடமோ இருக்கும். திறந்து, ஒட்டடை அடித்து, புத்தகத்தை வெயிலில் காய வைத்து, எட்டாவது ஒன்பதாவது படிக்கும் நாலு பேரிடம் முறை வைத்துப் பொறுப்பை ஒப்படை. ‘சாவியைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம்’ என்று தலைவரையும் செயலரையும் சம்மதிக்க வைப்பதற்கே இரண்டு வாரம் ஆகும். ஆகட்டும்.

செய்யக்கூடாதவை சில. பிள்ளைகளின் முகத்தைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் போடாதே. சீட் வாங்கித் தருகிறேன், செல்போன் வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்காதே. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காவிரி, கொள்ளிடம் பக்கம் போகாதே. கோடையில் தண்ணீர் முழங்கால் அளவு தெரியும், மணல் அள்ளிய குழி தெரியாது. பத்தாவது முடித்த பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று காதில் விழுந்தால் ரகசியமாக வைத்துக்கொள்ளவும் வேண்டாம், நீயே போய்ச் சண்டை போடவும் வேண்டாம். உன் நிறுவனத்தில் உடனே சொல். குழந்தைகள் உதவி எண் 1098க்கும் போன் செய்யலாம்.

கடைசி வாரம் நீ பாடம் எடுக்காதே. அந்த அக்கா எடுக்கட்டும். நீ பின்னால் பாயில் உட்கார்ந்து எது தடுமாறுகிறது என்று பார்த்துச் சரி செய். எந்தப் பிள்ளை எது வரை வாசிக்கிறது, யாருடைய சான்றிதழ் இன்னும் வரவில்லை, சாவி எந்த நாளில் யார் முறை என்று ஒரு தாளில் எழுது. நிறுவனத்துக்குத் தரும் ரிப்போர்ட்டுக்கு முன்னால் அந்தத் தாளை எழுதி அக்காவிடம் கொடுத்துவிடு. சான்றிதழை உன் நிறுவனம் கொடுக்கும். வேலை எப்படி நடந்தது என்பதை ஜூலையில் அந்த அக்காவுக்குப் போன் போட்டுத் தெரிந்துகொள்.