அடுப்பெரித்த காடு

மான்குர்த் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில், இரண்டு ஆள் சேர்ந்து நடக்க முடியாத சந்து ஒன்றில் அந்த வீடு இருக்கிறது. வீடு என்பது ஒரு கோலி. கீழே சமையல், மேலே மச்சு. அந்த மச்சில் உட்கார்ந்துதான் ஏழாம் வகுப்புப் படிக்கும் பேத்தி ஜனவரி மாதத்தில் ஒரு மாலை, பள்ளிக்கூடத்துக்காகச் சார்ட் பேப்பரில் படம் வரைந்துகொண்டிருந்தாள். தலைப்பு: மும்பையின் இயற்கை. தீவு ஒன்று, குகை ஒன்று, காடு ஒன்று. கடைசியாக, கழிமுகத்தின் கண்டல் மரங்கள். அதற்குக் கீழே டீச்சர் சொன்ன காரணத்தை எழுதினாள்: ‘இந்தக் காட்டை அழித்தவர்கள் குடிசைவாசிகள்.’

எழுதியவள் கீழே எட்டிப் பார்த்துக் கேட்டாள்: “தாத்தா, நாமளா அழிச்சோம்?”

தாத்தா பதில் சொல்லவில்லை. டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 1975ல், பதினாறு வயதில் பம்பாய்க்கு ரயில் ஏறியவர் அவர். மாமா ஒருவரின் தயவில் ஜனதா காலனியில் இடம் கிடைத்தது. ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை. அவசரநிலைக் காலம். அணு ஆராய்ச்சி மையத்துக்கு அந்த நிலம் தேவை என்று 1976 மே 17 அன்று ஜனதா காலனி காலி செய்யப்பட்டது. பல்லாயிரம் பேர் தட்டுமுட்டுச் சாமான்களோடு டிராம்பேயின் கழிமுகக் கரைக்கு மாற்றப்பட்டார்கள். அந்த இடம்தான் சீட்டா கேம்ப். அவர்களில் தமிழர்கள் ஏராளம். பிறகு கல்யாணமாகி மான்குர்த்துக்கு வந்து, டிராம்பேயின் தொழிற்சாலைகளில் ஒப்பந்தக் கூலியாக முப்பது வருஷம் மூட்டை தூக்கினார். மும்பையில் இயற்கை என்று ஒன்று இருப்பதாகவே அவர் நினைத்ததில்லை. அது ஊரில் இருப்பது. தாமிரபரணியிலும் பொதிகை மலையிலும் இருப்பது.

“சார்ட்ல இருக்கிற இடத்துல ஒண்ணையாவது பாத்திருக்கீங்களா தாத்தா?” என்பது பேத்தியின் அடுத்த கேள்வி. இதற்குப் பதில் சுலபம். இல்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். முதல் கேள்விக்குப் பதில் சொல்வதிலிருந்து தப்பிக்க அதுவே வழி என்று அவருக்குப் பட்டிருக்கலாம்.

முதல் ஞாயிறு தீவுக்கு. வரைபடத்தில் பார்த்தால் எலிஃபண்டா தீவு டிராம்பேக்குக் கிட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் மான்குர்த்காரர்கள் அங்கே போவதற்கு ஹார்பர் லைனில் நகரத்தின் தெற்குக் கோடி வரை போய், கேட்வே ஆஃப் இந்தியாவில் லாஞ்ச் பிடித்து ஒரு மணி நேரம் கடலில் போகவேண்டும். பாட்டிக்கு இதில் சம்மதமே இல்லை. 2024 டிசம்பர் 18 அன்று கடற்படையின் விரைவுப் படகு மோதி எலிஃபண்டா போன படகு கவிழ்ந்து, பத்துப் பேருக்கு மேல் இறந்ததை டிவியில் பார்த்தவள் அவள். “இந்தாங்க, பிள்ளைய கையவிட்டுராதீங்க” என்று நாலு தடவை சொல்லி அனுப்பினாள். லாஞ்சில் உயிர்காப்பு அங்கியைப் பேத்திக்கு மாட்டி, தனக்கும் மாட்டிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடியே போய்ச் சேர்ந்தார்.

தீவின் உண்மையான பெயர் காராபுரி. கரையில் இருந்த ஒரு கல் யானையைப் பார்த்துப் போர்த்துகீசியர்கள் வைத்த பெயர்தான் எலிஃபண்டா. அந்த யானை இப்போது பைகுல்லாவில், ஜிஜாமாதா பூங்காவில் நிற்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட படிகள் ஏறினால் மலையைக் குடைந்த சிவன் கோவில். ஆறாம் நூற்றாண்டு வாக்கில் உருவானது என்பது அறிஞர்கள் கருத்து. 1987ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இருட்டுக்குக் கண் பழகியதும், மூன்று முகங்களோடு சுமார் 20 அடி உயர சதாசிவம் பாறையிலிருந்து மெள்ள வெளியே வருவது போலத் தெரிகிறது. நெல்லையப்பர் கோவிலில் தேர் இழுத்த மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அருகிலேயே கை கால் உடைந்த நடராஜர். “கால் இல்லாமலே ஆடுதாரு பாரு” என்றார்.

ஆனால் அவர் நினைவில் தங்கியது சிற்பம் அல்ல. படிக்கட்டு ஓரத்தில் மோர் விற்ற பெண்மணி சொன்னது. தீவில் மூன்று கிராமங்கள். எதிரே ராத்திரி முழுக்க மும்பை ஜொலிக்கும். ஆனால் கடலடிக் கேபிள் வழியாகத் தீவுக்கு முறையான மின்சாரம் வந்து சேர்ந்தது 2018 பிப்ரவரியில்தான். சுதந்திரம் வந்து எழுபது வருஷம் கழித்து. அதுவரை மாலையில் சில மணி நேரம் ஜெனரேட்டர்தான். “நம்ம கதைதான்” என்று பேத்தியிடம் சொன்னார். சீட்டா கேம்பில் மண்ணெண்ணெய் விளக்கில் கழிந்த வருஷங்கள் அவருக்கு நினைவிருந்தன.

இரண்டாவது ஞாயிறு காட்டுக்கும் குகைக்கும். குர்லாவிலும் தாதரிலும் வண்டி மாறிப் போரிவலி. சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர். ஒரு பெருநகரத்தின் எல்லைக்குள்ளேயே சிறுத்தைகள் வாழும் காடு உலகத்தில் அபூர்வம். “சீட்டா கேம்ப்னு பேர் வச்ச இடத்துல சிறுத்தை இல்ல, இங்க இருக்கு” என்று பேத்தி சிரித்தாள். தாத்தாவுக்குக் காடு பிடிக்கவில்லை. பிப்ரவரி மாதம், தேக்கு இலை உதிர்த்து நின்றது. தரையெல்லாம் சருகு.

“இதுவா காடு? நம்ம பக்கத்துல மாஞ்சோலைக்கு மேல பாக்கணும். வெயில் தரைக்கு எறங்காது.”

“நீங்க மேல போயிருக்கீங்களா?”

மறுபடியும் மாட்டிக்கொண்டார். ஆடி அமாவாசைக்குக் காரையார் சொரிமுத்து அய்யனார் கோவில் வரை போனதுதான். அதற்கு மேலே உள்ள மழைக்காட்டை அவர் கண்டதில்லை. 1988ல் களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகமாக அது அறிவிக்கப்பட்டபோது அவர் மான்குர்த்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வருஷமாக அவர் பெருமை பேசிய காடு, அடிவாரத்திலிருந்து பார்த்த காடு.

பூங்காவின் நடுவே கன்ஹேரி குகைகள். கறுத்த பாறையில் நூற்றுக்கு மேற்பட்டவை. கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டிலேயே தொடங்கி ஆயிரம் வருஷம் பௌத்த பிக்குகள் இங்கே வாழ்ந்திருக்கிறார்கள். பெரிய சைத்தியத்தின் 34 தூண்களுக்கிடையே பேத்தி ஓடினாள். தாத்தா நின்றுவிட்டது ஒரு சின்னக் குகையின் வாசலில். உள்ளே, ஒருவர் நீட்டிப் படுக்கக் கல்லிலேயே ஒரு திண்ணை. வெளியே பாறையில் வெட்டிய வாய்க்கால். அது போய்ச் சேரும் தண்ணீர்த் தொட்டி. மழை ஒரு சொட்டும் வீணாகாமல் ஒவ்வொரு குகைக்கும் இப்படி ஒரு ஏற்பாடு. “நம்ம கோலி சைஸ்தான். ஆனா தண்ணிக்கு வழி பண்ணிட்டுல்ல குடியேறியிருக்கான்” என்றார். காசு கொடுத்துத் தண்ணீர் கேன் வாங்கும் சந்திலிருந்து வந்தவரின் மதிப்பீடு அது. மும்பைக்குக் குடிநீர் தரும் விஹார், துளசி ஏரிகளும் இந்தக் காட்டின் மடியில்தான் இருக்கின்றன. காடு போனால் குழாயும் போகும்.

திரும்பும் வழியில் அவர் அதிகம் பேசவில்லை. இந்தக் காட்டோரத்தில் குடிசை போட்டிருந்த கோவில்பட்டிக்காரர் ஒருவர் அவருடன் வேலை பார்த்தவர். காட்டுக்குள் இருக்கும் ஆக்கிரமிப்புகளை அகற்றும்படி 1997ல் மும்பை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. இரண்டாயிரமாவது ஆண்டு வாக்கில் ஆயிரக்கணக்கான குடிசைகள் இடிந்தன. அதில் ஒன்று நண்பருடையது. காட்டைக் காப்பாற்றியது சரியா, குடிசையை இடித்தது சரியா? இரண்டில் எதற்குத் தலையாட்டுவது என்று அவருக்கு அன்றும் தெரியவில்லை. இன்று, பாறையில் நிரம்பி நின்ற தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, கேள்வி இன்னும் கனத்துவிட்டது.

மூன்றாவது ஞாயிறுக்குத் தொலைதூரப் பயணம் இல்லை. 1992ல் வாஷி வரை பாதை நீளும் வரையில் ஹார்பர் லைனின் கடைசி நிலையம் மான்குர்த்தான். இப்போது அதைத் தாண்டியதும் வண்டி தானே கழிமுகப் பாலத்தில் ஏறுகிறது. அந்தப் பக்கம் இறங்கி வண்டி மாறி ஐரோலி போனால், வனத்துறையின் கடலோரப் பல்லுயிர் மையத்திலிருந்து படகு. தண்ணீர் ஏறும் நேரம் பார்த்துத்தான் விடுகிறார்கள்.

தானே கழிமுகத்தின் இந்தப் பகுதி 2015ல் பூநாரைச் சரணாலயமானது. 2022ல் ராம்சார் ஈரநிலமாக அங்கீகாரம் பெற்றது. நவம்பரிலிருந்து மே வரை பல்லாயிரக்கணக்கில் பூநாரைகள் வருகின்றன. சேற்றிலுள்ள பாசியும் நுண்ணுயிர்களும்தான் அவற்றின் இரை. இறகின் இளஞ்சிவப்பும் அதிலிருந்து வருவதுதான். ஆபத்தும் உண்டு. 2024 மே மாதம் காட்கோபரில் இறங்க வந்த விமானத்தில் மோதி ஒரே ராத்திரியில் 39 பறவைகள் செத்தன.

படகு திரும்பியதும் சேற்றுத் திட்டு முழுக்க ரோஜா நிறம். பேத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். தாத்தா பறவைகளைப் பார்க்கவில்லை. கரையோர மரங்களையும், சேற்றிலிருந்து விரல் விரலாக மேலே நீட்டி நின்ற சுவாச வேர்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். சங்க இலக்கியத்தின் நெய்தல் நிலத்தில் வரும் கண்டலுக்கும், மராட்டியர் சொல்லும் காந்தள்வனத்துக்கும் ஒலியில் உள்ள நெருக்கம் அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்த பெயர் ‘விறகு’.

“ஏட்டி, அன்னைக்கு ஒண்ணு கேட்டியே. ஆமா, நான் வெட்டியிருக்கேன்” என்றார்.

படகின் சத்தத்தில் பாதிதான் கேட்டது. 1976ல் கொண்டுவந்து இறக்கிய இடத்தில் அடுப்பெரிக்க வேறொன்றும் இல்லை. விடியற்காலையில் இடுப்பளவு சேற்றில் இறங்கி இரண்டு வருஷம் கொப்பு வெட்டினார். வீட்டுத் தரையை உயர்த்த லாரி லாரியாக இடிசல் வந்து கொட்டியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களில் அவரும் ஒருவர். “எங்கள இங்க கொண்டுவந்து விட்டது யாருன்னும் எழுது. ஆனா வெட்டினது நான்தான். அதை இல்லைன்னு சொல்லக்கூடாது” என்றார்.

கழிமுகத்தைத் தின்றவர்களின் பட்டியல் நீளமானது. 1927லிருந்து நகரத்தின் குப்பையை வாங்கிக்கொண்ட தேவ்னார் மேடு, சுத்திகரிப்பு ஆலைகள், பாலங்கள், சாலைகள், எதிர்க்கரையில் எழுந்த புது நகரம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி மும்பை மூழ்கியபோதுதான், வெள்ளத்தையும் அலையையும் தாங்கும் அரண் எதை இழந்தோம் என்று பலருக்கு உறைத்தது. அதே 2005ல் கண்டல் மரங்களை வெட்ட உயர்நீதிமன்றம் தடை விதித்தது. பிறகு காடு பல இடங்களில் மீண்டும் தழைத்தது. அவர் வெட்டிய கரையில் இப்போது அவரை விட உயரமான மரங்கள் நிற்கின்றன.

அன்று இரவு பேத்தி மச்சில் உட்கார்ந்து சார்ட்டில் அந்த வரியை அடித்தாள். புதிதாக எழுதியதைத் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினாள்: ‘வேறு இடத்திலிருந்து துரத்தப்பட்டு இங்கே விடப்பட்டவர்கள் அடுப்புக்காகக் கொஞ்சம் வெட்டினார்கள். அவர்களில் என் தாத்தாவும் ஒருவர். பெரிய கம்பெனிகளும் நகரமும் நிறைய வெட்டின. அவர்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.’

மதிப்பெண் குறைந்தாலும் குறையும் என்றாள்.

“கொறஞ்சா கொறையட்டும்” என்று டிவியை அணைத்துவிட்டு, அடுத்த ஆடி அமாவாசைக்கு ஊருக்கு எத்தனை டிக்கெட் என்று பாட்டியிடம் கணக்குப் போடத் தொடங்கினார் தாத்தா. காரையாருக்கு மேலே எதுவரை விடுவார்கள் என்று கேட்டுப் பார்க்கவேண்டுமாம்.