அம்பாசடருக்கு மறுபடியும் தீப்பொறி

இந்தப் பதிவுல கொஞ்சம் கிரீஸ் வாசனை அடிக்கும். பிடிக்காதவங்க இப்பவே எஸ்கேப் ஆகிடுங்க :-)

எங்க வீட்டு அம்பாசடர் 1978 மாடல், மார்க் 3. வீரகேரளம்புதூர்ல இருந்து சுரண்டை, தென்காசி, சீசன்னா குற்றாலம்னு அப்பா வாடகைக்கு ஓட்டின வண்டி. தொண்ணூறுகள்ல நிறைய அம்பாசடருக்கு நடந்ததுதான் இதுக்கும் நடந்தது. பெட்ரோல் எஞ்சினைக் கழட்டிட்டு டீசல் எஞ்சின் போட்டாங்க. எல்லாம் டீசல் விலை செஞ்ச வேலை. பெட்ரோல் விலையை அரசு 2010 ஜூன்லயும், டீசல் விலையை 2014 அக்டோபர்லயும் சந்தை கையில விட்டுச்சு. அந்த 2014 மே மாசம்தான் உத்தர்பாரா ஆலையில அம்பாசடர் உற்பத்தியும் நின்னது.

போன வருஷம் டீசல் எஞ்சின் புகை கக்க ஆரம்பிச்சதும், "பழைய பெட்ரோல் எஞ்சினையே போட்டுரலாம்டா"ன்னாரு அப்பா. 1489 சிசி எஞ்சின் ஒண்ணு பழைய சாமான் கடையில கிடைச்சது. ஆர்.சி. புத்தகத்துல எஞ்சின் நம்பரும் எரிபொருளும் மாத்துற வேலை தனி. அது இன்னொரு பதிவுக்கு ஆகும்.

டீசலுக்குப் பொறியே வேண்டாம். காத்தை அமுக்கின சூட்டுலயே டீசல் பத்திக்கும். அதனால எங்க வண்டியில காயில் இல்லை, சாவியில இருந்து காயிலுக்குப் போற ஒயரும் இல்லை. எல்லாம் புதுசா இழுக்கணும். அப்ப வந்ததுதான் கேள்வி: பழையபடி பாயிண்ட் செட்டா, எலக்ட்ரானிக்கா?

பாயிண்ட்ங்கிறது சின்ன சுவிட்ச்தான். மூடியிருக்கும்போது காயில்ல மின்சாரம் ஓடும். திறந்த நொடியில காயிலோட காந்தப்புலம் சரிஞ்சு, பல ஆயிரம் வோல்ட் கிளம்பி பிளக்குக்குப் போகும். அமெரிக்காக்காரர் சார்லஸ் கெட்டரிங் 1910 வாக்குல காடிலாக் காருக்குக் கொண்டுவந்த ஏற்பாடு. நூறு வருஷம் தாண்டியும் அதே தத்துவம்தான். நம்ம எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுத்து சுத்தினா, பாயிண்ட் நொடிக்கு 100 தடவை திறந்து மூடணும். தேயாம என்ன செய்யும்? குதிகால் தேஞ்சா இடைவெளி சுருங்கும், பொறி தாமதமா வரும், வண்டி இழுக்காது. இடைவெளி 15 தௌ, அதாவது அங்குலத்துல ஆயிரத்துல 15 பங்கு. அதைப் பிடிக்க கண்ணும் வேணும், குனிய இடுப்பும் வேணும். அப்பாவுக்கு இப்ப 74.

எங்க மெக்கானிக் அண்ணாச்சிக்கு எலக்ட்ரானிக் பிடிக்கலை. "ஏ தம்பி, பாயிண்ட்டுன்னா நடுரோட்டுல உப்புத்தாளை வச்சுத் தேச்சிட்டு வீடு வந்து சேந்துரலாம். மாட்யூல் போச்சுன்னா என்ன செய்ய?"

நியாயமான கேள்விதான். ஆனா பாயிண்ட்டைத் தேய்க்கப் போறது யாரு? சாரல் நேரத்துல அப்பா தனியாத்தான் குற்றாலம் போவாரு. மழையில பானட்டைத் திறந்து வச்சுக்கிட்டு நிக்க வேண்டியது அவருதான். அதைச் சொன்னதும் அண்ணாச்சி ஒண்ணும் பேசலை, ஸ்பானரை எடுத்துட்டாரு.

வேலை பெருசில்லை. பாயிண்ட், கண்டென்சர் ரெண்டையும் எடுத்துட்டு, ரோட்டாருக்குக் கீழ காந்த வளையம், பக்கத்துல சென்சார். உள்ள இருக்கிற எடைகளும் வேக்குவமும் பழையபடியே டைமிங்கை முன்னுக்குத் தள்ளும். செய்யப் போறவங்க நாலு விஷயம் பாத்துக்கங்க:

1. பாட்டரியோட எந்த முனை பாடியில எர்த் ஆகுதுன்னு பாருங்க. மாறினா மாட்யூல் அவுட்.
2. காயிலோட ஓம்ஸ், மாட்யூல் கேக்கிற அளவுக்குக் குறையக் கூடாது.
3. வெறும் செம்புக்கம்பி பிளக் ஒயர் வேண்டாம். சென்சாரைக் குழப்பும்.
4. எஞ்சின் ஓடாம சாவியை ஆன்ல விடாதீங்க. காயில் சுட்டுரும்.

பிளக் வரிசை 1-3-4-2. டைமிங் லைட் வச்சுப் பிடிச்சதும் ஐடில் ஒரே சீரா நின்னுது. ஒண்ணு மட்டும் மறக்காதீங்க: பொறி எதுல பிறந்தாலும் போற வழி அந்தப் பழைய மூடிதான். அதுல விரிசல் இருந்தா சாரல் ஈரத்துல எலக்ட்ரானிக்கும் சண்டித்தனம் பண்ணும். அதனால புது மூடி, புது ரோட்டார்.

கழட்டின பாயிண்ட்டையும் கண்டென்சரையும் பிளேட்டோட ஒரு டப்பாவுல போட்டு டேஷ்போர்டுல வச்சிட்டாரு அண்ணாச்சி. அரை மணி நேரத்துல திரும்ப மாட்டிக்கலாமாம். அவருக்கும் தோல்வி இல்லை பாருங்க.

டிஸ்கி: 50 வருஷம் ஆன, பெருசா மாத்தம் செய்யாத வண்டிகளுக்கு 2021ல தனி விண்டேஜ் பதிவு விதி வந்திருக்கு. எங்காளுக்கு 2028ல 50. அப்பா இப்பவே நாள் எண்ணுதாரு :-)