குமிழியும் விசாரணையும்

‘தீர விசாரிப்பதே மெய்’ என்பது ஆன்றோர் வாக்கு. பிளாஸ்டிக் பொருளில் தோன்றும் குமிழிக்கும் இது பொருந்தும் என்பதைத் துவாக்குடியில் அறிந்தோம்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தோழி ஒருத்தியின் பாட்டி உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் ஸ்டூலின் கால் முறிந்து, அவருக்கு இடுப்பில் பலத்த அடி. முறிந்த இடத்தின் நடுவே மிளகளவு குழி இருந்தது. அந்தத் துண்டுடன், அறிவியல் ஆசிரியை அழைத்துச் செல்ல, தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் வார்க்கும் பட்டறை ஒன்றுக்குச் சென்றோம்.

அங்கிருந்த மேஸ்திரி, குமிழி இரு வகை என்றார். நைலான், பாலிகார்பனேட் குருணைகள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்; உருகும்போது அது நீராவியாகிக் குமிழிவிடும். பாலிகார்பனேட்டை முதலில் 120 டிகிரி செல்சியசில் 3, 4 மணி நேரம் உலர்த்தினால் இதைத் தடுக்கலாம். மற்றது வெற்றுக்குழி. தடித்த பகுதியில் வெளிப்புறம் முந்தி இறுகிவிட, உட்புறம் ஆறிச் சுருங்கி நடுவில் வெற்றிடம் உண்டாகிறது.

பார்வைக்கு இரண்டும் ஒன்றே. உள்ளே தெரியும் இரு மாதிரித் துண்டுகளை அவர் இளகும்வரை சூடாக்கினார். ஆவிக் குமிழி உப்பியது, வெற்றுக்குழி அமுங்கியது!

ஸ்டூலோ ஈரத்தை அநேகமாக உறிஞ்சாத பாலிப்ரொப்பிலீன். முறிந்ததும் மிகத் தடித்த இடத்தில். ஆகவே அது வெற்றுக்குழியே. அச்சு நிறைந்த பின்னும் நுழைவாய் இறுகும்வரை அழுத்தத்தைத் தொடரவேண்டும்; காலைத் தடிப்பாக்காமல், மெல்லிய சுவரும் விலா எலும்பு போன்ற தாங்கு வரிகளும் அமைக்கவேண்டும். எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக அந்தச் சில விநாடிகளைக் குறைத்தால், துன்பம் உட்காருபவருக்கே.

தோழியரே! சென்னை கிண்டியில் 1968இல் தொடங்கிய சிப்பெட் நிறுவனத்தில், பத்தாம் வகுப்பு முடித்தோரும் இத்தொழிலில் பட்டயம் பயிலலாம். நம்மில் சிலரேனும் அங்கே செல்லவேண்டும் என்பதே எங்கள் ஆசை.