தீர்ந்துபோகும் பரிசு

போகிக்கு முந்தின வாரம்தான் பல வீடுகளில் பரண் காலியாகிறது. சாக்கில் கட்டிவைத்த எவர்சில்வர் குடம், பிரிக்காத டின்னர் செட், ஒன்றுக்கு மூன்றாகச் சுவர்க்கடிகாரம், கிரகப்பிரவேசத்துக்கு வந்த கண்ணாடிப் பிள்ளையார் என்று எல்லாம் கீழே இறங்கும். துடைத்து முடித்ததும் அத்தனையும் திரும்ப மேலே ஏறிவிடும். பழைய பாயையும் கிழிந்த துணியையும் கொளுத்தி வீட்டை ஒழித்த காலம் வேறு. இன்று சேர்வதில் பெரும்பகுதி பிளாஸ்டிக். அதை எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறது. எரிக்கவும் கூடாது, தூக்கிப்போடவும் மனசு வராது.

மனசு வராததற்குக் காரணம் உண்டு. பரணில் இருப்பவற்றில் நாமே ஆசைப்பட்டு வாங்கியது கொஞ்சம்தான். மற்றவர்கள் பிரியமாகக் கொடுத்ததுதான் அதிகம். ஒரு குடத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாகக் கொடுத்தவர் பெயர், ஊர், தேதி. வாங்கும்போதே பாத்திரக்கடையில் பெயர் வெட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். பெயர் வெட்டிய குடத்தை இன்னொருவர் விசேஷத்துக்குக் கொடுக்க முடியாது. எடைக்குப் போடலாமென்றால், கொடுத்த மாமாவையே எடைக்குப் போடுவதுபோல் இருக்கும். அவர் காலமாகிவிட்டார் என்றால் அந்தக் குடம் அங்கிருந்து நகரவே நகராது.

இவற்றையெல்லாம் கட்டிக் காப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். துடைப்பது, பேப்பர் சுற்றுவது, கரப்பான் ஏறாமல் பார்ப்பது, வாடகை வீடு மாறும்போது மூட்டை கட்டுவது எல்லாம் அவர்கள் தலையில்தான் விழுகிறது. ஆகவே ஒரு பொருளைப் பரிசாகக் கொடுக்கும்போது, அதைப் பல வருஷம் பராமரிக்கும் வேலையையும் சேர்த்தே ஒரு பெண்ணிடம் கொடுக்கிறோம். விலை பார்த்து வாங்கும் நாம் இந்த வேலையைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. கொலுவுக்குப் போனால் கிடைக்கும் ரவிக்கைத் துணியையே பாருங்கள். யாருக்கும் பொருந்தாத நிறத்தில், தைக்கப்படாமல், அடுத்த நவராத்திரிக்கு இன்னொரு வீட்டுக்குப் போகிறது. நடுவில் ஒரு வருஷம் யாரோ ஒருத்தியின் பீரோவில் இடம் பிடித்துக்கொண்டிருக்கிறது.

நம் பழைய வழக்கங்களில் இதற்கு நல்ல விடை இருக்கிறது. ஒரு வீட்டுக்குப் போகும்போது பூவும் பழமும் வாங்கிப் போவோம். வெற்றிலை பாக்கு, தேங்காய், மஞ்சள், குங்குமம் எல்லாமே உபயோகித்தால் தீர்ந்துபோகிறவை. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் பாயசம் வந்தால் கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டோம்; ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத் தருவோம். பாயசமும் தீரும், சர்க்கரையும் தீரும், கிண்ணமும் அதன் வீட்டுக்குப் போய்விடும். உறவு மட்டும் தங்கும். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதத்தில் நடக்கும் மொய் விருந்தையும் இங்கே நினைக்கலாம். வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்தாக வேண்டும் என்ற பாரம் அதில் உண்டு. ஆனாலும் அந்தப் பணம் கடை வைக்கவோ, பிள்ளை படிப்புக்கோ, போர் போடவோ, அந்தக் குடும்பத்துக்கு எது அவசரமோ அதற்குப் போகிறது. தேவையை அவர்களே தீர்மானிக்கிறார்கள்.

ஆகவே பரிசென்று நினைத்ததும் பாத்திரக்கடைக்கோ ஃபேன்சி ஸ்டோருக்கோ போக வேண்டியதில்லை. தனியாக இருக்கும் பெரியம்மாவுக்கு ஒரு வருஷத்துக்கு செல்போன் ரீசார்ஜ் செய்து கொடுக்கலாம். படிக்கிற சித்தப்பாவுக்கு அவர் விரும்பும் பத்திரிகைக்குச் சந்தா கட்டலாம். அறுபதாம் கல்யாணம் முடித்த தம்பதிக்கு ராமேஸ்வரத்துக்கு ரயில் டிக்கெட் எடுக்கலாம். 60 நாள் முன்னதாகவே முன்பதிவு திறந்துவிடுவதால், ஒரு பயணத்தை எதிர்பார்த்திருக்கும் சந்தோஷமும் அவர்களுக்குச் சேர்ந்து கிடைக்கும். பிள்ளை பெற்ற வீட்டுக்கு இன்னொரு கிலுகிலுப்பை வேண்டாம். ஒரு வாரம் மதியச் சாப்பாடு கேரியரில் கொண்டுபோய்க் கொடுத்தால் அந்தத் தாய் கொஞ்சம் தூங்குவாள்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டதற்கும் வழி இருக்கிறது. பெரிய அண்டாவும் தூக்குவாளியும் அன்னதானம் நடக்கும் கோயிலுக்கோ முதியோர் இல்லத்துக்கோ பயன்படும். வேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொண்டு கொடுக்க வேண்டும். நம் பரணை அவர்கள் பரணுக்கு மாற்றுவது தர்மம் ஆகாது. பெயர் வெட்டியிருக்கிறதே என்ற தயக்கமும் வேண்டாம். மாமா பெயர் போட்ட அண்டாவில் நூறு பேருக்குச் சாம்பார் கொதித்தால் அது அவருக்குப் பெருமைதான்.

கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. கொடுக்கும் முன் கேட்கச் சொல்கிறேன். விசேஷ வீட்டுக்கு ஒரு போன் போட்டு, “அக்கா, வரும்போது என்ன வாங்கிட்டு வரட்டும்?” என்று கேளுங்கள். “அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம், நீங்க வந்தாப் போதும்” என்பார். இன்னொரு தரம் கேளுங்கள். இருபது தேங்காய் என்பார், இல்லையென்றால் முதல் நாளே வந்து கூடமாட ஒத்தாசையாக இருக்கச் சொல்வார். அதைச் செய்வோம்.