மிச்சிகனில் அம்பு சரிபார்த்த கதை

2017-ல் நானும் வீட்டம்மாவும் மிச்சிகனில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்தோம். அமெரிக்கா போய் வந்தவர்கள் எல்லோரும் நயாகராவைப் பற்றி எழுதித் தீர்த்துவிட்டார்கள். நான் எழுதப் போவது பக்கத்து வீட்டுக் கார் ஷெட்டைப் பற்றி.

பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்போது 74 வயது. தனி ஆள். சாயங்காலம் ஆனால் அவர் வீட்டுப் பின்பக்கம் 'தொக், தொக்' என்று சத்தம் கேட்கும். வேலி வழியாகப் பார்த்தால் வைக்கோல் கட்டில் அம்பு விட்டுக்கொண்டிருப்பார். சக்கரம், கம்பி எல்லாம் வைத்த இந்தக் காலத்து வில் இல்லை. ராமர் படத்தில் பார்க்கிற மாதிரி ஒரே மரவில், ஒரு நாண். அம்புகளும் மரம்தான், பின்னால் வான்கோழி இறகு.

நாலு நாள் பார்த்தேன். எல்லா அம்பும் இடது பக்கமே போய்க் குத்தின. மனுஷர் தலையை ஆட்டிக்கொண்டு பிடுங்கி வருவார். ஐந்தாம் நாள் என் ஒர்க்‌ஷாப் இங்கிலீஷில் கேட்டேவிட்டேன், "ஏன் எல்லாம் லெஃப்டில் போகுது?"

அவர் சொன்ன விளக்கம் எனக்கு அன்றைக்குப் பாதிதான் புரிந்தது. வில்லில் அம்பு நடுவில் உட்காருவதில்லை, பக்கவாட்டில் உட்காருகிறது. நாணோ நடுவை நோக்கித் தள்ளுகிறது. அப்படியென்றால் அம்பு ஒரு பக்கமாகத்தானே போக வேண்டும்? போகாது. விடும்போது அம்பு வளைந்து, வில்லைச் சுற்றிக்கொண்டு, மீன் நீந்துகிற மாதிரி நெளிந்து பிறகு நேராகிவிடும். 1930-களில் ஹிக்மன் என்ற விஞ்ஞானி வேகமான கேமராவில் இதைப் படம் பிடித்துக் காட்டியிருக்கிறார். அதனால் அம்பின் விறைப்பு வில்லின் பலத்துக்குப் பொருந்த வேண்டும். ரொம்ப விறைப்பாக இருந்தால் வளையாமல் இடது பக்கம் போகும், ரொம்பத் துவண்டால் வலது பக்கம். வலது கைக்காரருக்கு இந்தக் கணக்கு.

அவருக்குத் தோளில் ஆபரேஷன் ஆகியிருந்தது. 55 பவுண்டு, அதாவது 25 கிலோ இழுக்கிற வில்லை இனித் தொடாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். 42 பவுண்டு வில் ஒன்று வாங்கியிருந்தார். அம்புகள் பழைய வில்லுக்குச் செய்தவை. வேறு அம்பு செய்ய, ஓரிகான் பக்கத்து தேவதாரு வகைத் தண்டுகள் ஒரு பெட்டி, அறுபது இருக்கும், ஷெட்டில் கிடந்தது. ஆனால் எது எவ்வளவு விறைப்பு என்று எதிலும் குறிப்பு இல்லை. விறைப்பு அளக்கிற கருவியும் அவரிடம் இல்லை. அக்டோபர் 1-ம் தேதி அங்கே வில் வேட்டை ஆரம்பம். அதற்குள் சரியான அம்பு அமையாவிட்டால் இந்த வருஷம் போவதில்லை, இந்த வயதில் ஒரு வருஷம் விட்டால் பிறகு ஏது என்றார்.

அளப்பது எப்படி என்று கேட்டேன். 26 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கி, அதன்மேல் தண்டு, நடுவில் 2 பவுண்டு எடை. எத்தனை அங்குலம் தொய்கிறதோ அதால் 26-ஐ வகுத்தால் தண்டின் பவுண்டு கணக்கு வரும். 0.52 தொய்ந்தால் 50, 0.65 தொய்ந்தால் 40. அவ்வளவுதான்!

கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனி டூல் ரூமில் 34 வருஷம் குப்பை கொட்டியவனிடம் இதைச் சொன்னால் சும்மா இருப்பேனா? அவர் ஷெட்டிலேயே ஒரு டயல் கேஜ் இருந்தது. பலகை, நாலு ஸ்க்ரூ, இரண்டு பழைய பேரிங். மறுநாள் மத்தியானத்துக்குள் செய்துவிட்டேன். ஒரே ஒரு தப்பு. அவருடைய பழைய அம்பில் 55 என்று முத்திரை இருந்தது, என் கருவி 60 காட்டியது. டயல் கேஜுக்குள் இருக்கிற ஸ்ப்ரிங் கீழேயிருந்து தண்டைத் தாங்கிப் பிடிக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு ராத்திரி ஆயிற்று. ஸ்ப்ரிங்கைக் கழற்றினேன், சரியாகிவிட்டது. இதைப் போய் மறந்தேனே என்று இன்றைக்கும் வெட்கம்.

தண்டை விரலால் உருட்டினால் முள் நாலைந்து தௌ நகரும். மரத்தின் ரேகை ஒரு பக்கம் விறைப்பு, ஒரு பக்கம் தளர்வு. விறைப்பான பக்கம் வில்லைப் பார்த்து இருக்கும்படிதான் நாண் கவ்வுகிற பிளவை ஒட்டவேண்டும். அறுபதில் எங்களுக்கு வேண்டிய அளவுக்குப் பக்கத்தில் வந்தவை பதினாலு. அதில் எடை ஒத்துப்போனவை ஒன்பது. எடையை அவர்கள் கிரெயினில் சொல்கிறார்கள், 7000 கிரெயின் ஒரு பவுண்டு. நம் தட்டார்கள் குன்றிமணி வைத்து நிறுத்தமாதிரிதான். முனை 125 கிரெயின். கணக்குப் போட்டுப் பார்த்தேன், 8 கிராம், ஒரு சவரன்! ஒரு சவரன் தங்கத்தின் எடை, அதைவிட ஒரு மடங்கு கூடப் போட்டால் அதே தண்டு துவண்டு வலது பக்கம் போய்விடும். சின்ன வயதில் ஈர்க்குச்சி நுனியில் ரோட்டுத் தாரை உருட்டி ஒட்டி விடுவோமே, அதே சங்கதி.

வீட்டம்மாவுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. அவள் வைத்த தக்காளிச் செடியை இரண்டு தடவை மான் மேய்ந்திருந்தது. மானைத் திட்டிக்கொண்டேதான் சொன்னாள், "ஏங்க, உயிரைக் கொல்ற சாமானுக்கு நீங்க எதுக்கு ஒத்தாசை பண்றீங்க?" என்னிடம் பதில் இல்லை. நம் ஊரில் மானைத் தொட்டால் ஜெயில், அங்கே லைசென்ஸ் என்றேன். அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

அடுத்த வாரம் அவரிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் இறகு ஒட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். இருபத்தைந்து வருஷம் முன்னால் பொருந்தாத அம்பு ஒன்றை அவசரத்துக்கு எடுத்துப் போயிருக்கிறார். வால் ஆடிக்கொண்டே போன அம்பு, பெட்டைமானின் தோளில் பட்டு ஆழமாக இறங்கவில்லை. டார்ச் வைத்துக்கொண்டு இரண்டு நாள் ரத்தத் துளியைத் தேடியிருக்கிறார். கிடைக்கவில்லை. அம்பு துப்பாக்கி மாதிரி அடித்து வீழ்த்துவது இல்லை, நேராக நுரையீரலில் இறங்கி ரத்தம் போய்த்தான் சாகும். கோணலாகப் போனால் பலமெல்லாம் பக்கவாட்டில் வீண். அதிலிருந்து இருபது கஜத்துக்கு மேல் விடுவதில்லை, சோதிக்காத அம்பைக் காட்டுக்குக் கொண்டுபோவதில்லை.

சோதனை இப்படி. இறகு ஒட்டிய அம்பு மூன்று, இறகு இல்லாத மொட்டை அம்பு இரண்டு, பதினைந்து கஜத்திலிருந்து விடுவது. இறகு தப்பை மறைத்துவிடும், மொட்டை அம்பு மறைக்காது. வேண்டுமென்றே தண்டை நீளமாக விட்டிருந்தோம். மொட்டை அம்பு ஒரு சாண் வலது பக்கம் போய்க் குத்தியது. துவள்கிறது என்று அர்த்தம். கால் அங்குலம் நறுக்கினோம். மறுபடி. இன்னொரு கால். துணியை வெட்டுகிற தையல்காரர் மாதிரி, வெட்டினால் வெட்டியதுதான். நாலாவது தடவை ஐந்தும் ஒரு உள்ளங்கைக்குள் நின்றன. ஆனால் மொட்டை மட்டும் கொஞ்சம் கீழே. நாணில் அம்பு மாட்டுகிற இடத்தை ஒரு நூல் அளவு இறக்கிக் கட்டினார், அதுவும் சேர்ந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் விடுவதற்கு முன் தண்டை வளைத்துக் காதருகே வைத்துக் கேட்பார். விரிசல் விட்ட மர அம்பு உடைந்தால் வில் பிடித்த கையிலேயே ஏறிவிடும்.

கடைசியாக வேட்டை முனை மாட்டினார். முழங்கை மயிரை மழிக்கிற கூர். அதுவும் அதே இடத்தில் குத்தியது. நான் கை தட்டிவிட்டேன். அவர் தட்டவில்லை.

அக்டோபரில் பல நாள் விடியற்காலையில் போய் வெறுங்கையோடு வந்தார். முப்பது கஜத்தில் பெரிய கொம்பு மான் நின்றது, விடவில்லை என்று ஒருநாள் சாதாரணமாகச் சொன்னார். நாங்கள் கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால் இருட்டுகிற நேரத்தில் கதவைத் தட்டினார். பூட்ஸில் சேறு. பதினாலு தப்படி தூரம், அம்பு நேராகப் போனது, அறுபது கஜத்துக்குள் விழுந்துவிட்டது என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

வீட்டம்மா பின்னால் வந்து நின்றாள். மகனிடம் தமிழில், "அது துடிச்சுதான்னு கேளு" என்றாள்.

அவன் கேட்டான். அவர் அவளைப் பார்த்து, "பத்து விநாடி இருக்கும்" என்றார். குறைத்துச் சொன்ன மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். கறி வேண்டாம் என்று நான் சொல்வதற்குள், அதை அவரே தெரிந்துகொண்டு, தராசுப் பலகையைத் திருப்பித் தரட்டுமா என்று கேட்டார். அங்கேயே இருக்கட்டும், பெட்டியில் இன்னும் ஐம்பது தண்டு இருக்கிறதே என்றேன். அதற்குள் வீட்டம்மா காபி கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். சேறு ஒட்டிய பூட்ஸோடு வாசற்படியில் உட்கார்ந்தே குடித்தார்.