ஸ்பொடைனாவில் ஒரு சனிக்கிழமை: அம்மாவின் சீலைகளுக்கு ஒரு குவில்ற்

ரொறன்ரோவில் வளர்ந்த எங்களில் கனபேருடைய அலுமாரியில் ஒரே கேள்விதான் மடித்து வைத்திருக்கு: அம்மாவின் சீலைகளை என்ன செய்யிறது? என் அம்மா சின்ன அப்பாட்மென்ற்றுக்கு மாறினபோது இரண்டு சூட்கேஸ் எங்கள் வீட்டுக்கு வந்தது. காஞ்சிபுரம் நாலைந்து. மிச்சமெல்லாம் பட்டும் பருத்தியும் கலந்தவை, இல்லாவிட்டால் பட்டுப்போல மினுங்கும் பொலியெஸ்ரர். நான் சீலை உடுத்துவது வருஷத்தில் இரண்டு தரம். ஒன்பது வயது மகளுக்கு அந்தப் பழக்கம் வருமோ தெரியாது. "சும்மா கிடந்து மடிப்பில வெடிக்கிறதுக்கு, வெட்டிப் பிள்ளைக்குப் போர்வை தைக்கலாமே" என்று சொன்னது அம்மாதான்.

அதற்குச் சாமான் வாங்க மூன்று பேரும் போனோம். கென்னடியில் சப்வே ஏறி ஸ்பொடைனாவில் இறங்கி, 510 ஸ்றீற்காரில் குயின் சந்திக்குப் போகலாம். அங்கிருந்து மேற்கே பாதர்ஸ்ற் வரைக்கும்தான் துணிக்கடைகள். முந்தி இன்னும் கனக்க இருந்தது. இருக்கிற கடைகளிலும் துணிச்சுருள்கள் கூரைமட்டும் அடுக்கியிருக்கு.

கடைக்குள் போக முதல் ஒரு சந்தி தெற்கே, றிச்மண்ட் மூலைக்கு நடந்து பாருங்கள். பொத்தான்களை அடுக்கி, அதன்மேல் பெரிய தையல் விரலுறை ஒன்றைக் கவிழ்த்து வைத்ததுபோல ஒரு சிற்பம் நிற்கும். ஸ்ரீவன் குறூஸ் 1997இல் செய்தது. கடந்த நூற்றாண்டின் முற்பாதியில் இந்தத் தெரு முழுக்க உடுப்புத் தொழிற்சாலைகள். யூதக் குடியேறிகள் பலர் தைத்துத்தான் பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். இப்போது அதே கட்டிடங்களில் சொஃப்ட்வெயர் கம்பனிகள். நான் வேலை செய்வதும் அப்படி ஒன்றில்தான். தொண்ணூறுகளில் ஸ்காபரோவில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்த அம்மா, சிற்பத்தைப் பார்த்துச் சிரித்தா. "நாங்கள் மெசினில தைச்ச ஆக்கள். எங்களுக்கு விரலுறை இல்லை, பிளாஸ்ரர்தான்." பேத்தி அன்றைக்குத்தான் அம்மம்மாவின் வேலையைப் பற்றி முதல்முதல் கேட்டாள்.

இனித் துணிக்கு வருவோம். எந்தச் சீலையில் என்ன கலந்திருக்கு என்று முதலில் தெரிய வேணும். நெடுக்கில் ஒரு நூல், குறுக்கில் ஒரு நூல் இழுத்து, சிங்குக்கு மேலே பெரியவர்கள் தனித்தனியாக எரித்துப் பாருங்கள். பட்டு, தலைமயிர் எரிந்த மணம் தரும், சாம்பல் நொறுங்கும். பருத்தி, கடதாசி எரிந்த மணம். பொலியெஸ்ரர் உருகிக் கட்டியாகும். இரண்டு நூலும் வேறுவேறாக இருந்தால் அது கலப்பு.

போர்வையைக் கழுவத்தானே போகிறோம்? ஆகவே வெட்ட முதல், குளிர்ந்த தண்ணீரில் கைகழுவலாகக் கழுவிச் சாயம் போகுதா, சுருங்குதா என்று பாருங்கள். கலப்புப் பட்டு வழுக்கும், ஓரம் நூல்நூலாகப் பிரியும். அதனால் பின்பக்கம் அயன் சூட்டில் ஒட்டுகிற மெல்லிய உட்துணியை ஒட்டிவிட்டு வெட்டுங்கள். கடையில் இன்ரர்ஃபேசிங் என்று கேட்டால் தருவார்கள். மேலே ஒரு பருத்தித் துணி போட்டு, குறைந்த சூட்டில் தொடங்குங்கள். பிளாஸ்ரிக் சரிகை நேரே சூடு பட்டால் சுருண்டுவிடும். குண்டூசி குத்தின ஓட்டை பட்டில் மறையாது, கிளிப் நல்லது. மெசினுக்குக் கூர்மையான 70ஆம் நம்பர் ஊசி. முந்தானை மாங்காயையும் மயிலையும் வெட்டிப் பருத்தித் துணியில் ஒட்டி, அடியில் ஒரு தாள் வைத்து, ஓரத்தைச் சுற்றி நெருக்கமான சிக்சாக் தையல் போட்டால் அதுதான் அப்ளிக்கே. பிறகு நடுவில் பஞ்சுப் படையும் கீழே பருத்தித் துணியும் வைத்து மூன்றையும் சேர்த்துத் தைத்தால் குவில்ற்.

துணி வாங்கிக்கொண்டு சென்ரர் அவெனியூவில் இருக்கிற கனடா நெசவு அருங்காட்சியகத்துக்கும் போங்கள். சென் பற்றிக் ஸ்ரேசனுக்குக் கிட்ட. 1975இல் தொடங்கியது. திறக்கும் நாளை முதலே பார்த்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்கச் சனம் துணியை எப்படிப் பாதுகாத்தது என்று பிள்ளைகள் அங்கே காணலாம். அப்ளிக்கே எங்களுக்கும் புதிதில்லை. தேரில் உருளையாகத் தொங்கும் தொம்பைகளைத் தஞ்சாவூர்ப் பக்கத்தில் துணியின்மேல் துணி வெட்டி வைத்துத்தான் தைக்கிறார்கள்.

எதை வெட்டுவது என்பதுதான் கடினம். கலப்பு என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். மயிலாடுதுறையோடு சேர்ந்த கூறைநாட்டில் பட்டும் பருத்தியும் கலந்துதான் பேர்போன சீலைகளை நெய்தார்கள். ஆனால் அம்மாவின் கலியாணக் கூறையை நாங்கள் தொடவில்லை. அது முழுசாக இருக்கட்டும். பிறந்தநாளுக்கும் பெற்றோர் கூட்டத்துக்கும் கோயிலுக்கும் உடுத்த சீலைகளைத்தான் வெட்டினோம். அவவின் கனடா வாழ்க்கை முழுக்க அதில்தான் இருக்கு.

ஒன்று மட்டும் சொல்லுவேன். கத்தரிக்கோல் வைக்க முதல் ஒவ்வொரு சீலையையும் அம்மாவின் கையில் கொடுத்து, எப்ப வாங்கினது, எங்கே உடுத்தது என்று கேளுங்கள். பதிலைப் பிள்ளை எழுதட்டும். அந்த எழுத்தைக் குவில்ற்றின் பின்பக்கத்தில் ஒரு சின்னத் துணியில் தையுங்கள். சீலையை மட்டும் வைத்திருந்தால், அம்மாவுக்குப் பிறகு அது யாருடையது என்று சொல்ல ஆள் இருக்காது.